முன்தண்டும் அப்பாவின் வலது தோளும்

குன்றாண்டார்கோவில் வழி, நம்ம ஊர்
மார்கழி, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் எழிலரசனுக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகள் பிரகதீஸ்வரியும் பேத்தியும் அந்தப் பனி தேசத்தில் ஒரு தும்மல்கூட இல்லாமல் இருக்க நம்ம பிடாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அந்த வரியை எழுத மனசு வரவில்லை, விட்டுவிட்டேன். போன் இருக்கிற காலத்தில் அம்மாவுக்கு என்ன கடுதாசி வேண்டிக்கிடக்கிறது என்று நினைப்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அதை அப்பா கீழே வைப்பதில்லை. நான் உன்னோடு பேசும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார், எதையாவது உளறிவிடுவேனோ என்று காவல். வீடியோவில் இடது கையால் போனைப் பிடித்துக் கழுத்துக்கு மேலே மட்டும் காட்டிச் சிரிக்கிறார், நீயும் அந்தச் சிரிப்பைப் பார்த்துவிட்டு, அப்பா ஆளே இளைச்சுப்போயிட்டீங்களே என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாய். மேலத்தெரு சுகுணா மகள் இளமதி அடுத்த வாரம் உங்கள் டொராண்டோவுக்குப் படிக்கப் போகிறாள். அவளிடம் கறிவேப்பிலைப் பொடி டப்பாவோடு இதையும் கொடுத்துவிடுகிறேன். பொடியை மருமகளிடம் கொடு, இதை நீ மட்டும் படி.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வலது கை எழும்பவில்லை. தலைக்கு மேலே தூக்குவது இருக்கட்டும், சட்டைப்பைக்குப் போவதற்கே அந்தக் கை தடுமாறுகிறது. சாப்பிடும்போது முட்டியைக் குத்தவைத்து அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொள்கிறார், அப்போதும் கை வாய்க்கு வராது, தலையைக் குனிந்து வாயைத்தான் கைக்குக் கொண்டுபோகிறார். யாராவது வாசலில் கூப்பிட்டால் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுகிறார். ஐப்பசியிலிருந்து எந்தக் கல்யாணத்திலும் அவர் பந்தியில் உட்காரவில்லை. மாப்பிள்ளை பெண்ணை வாழ்த்திவிட்டு, வயிறு மந்தமாக இருக்கிறது என்று சொல்லி வந்துவிடுகிறார், இங்கே வந்து பழைய சோற்றைக் கரைத்துச் சொம்போடு குடிக்கிறார். பந்தியில் இலை எடுக்க வருகிறவனை நிறுத்தி இன்னொரு கரண்டி ரசம் கேட்டு வாங்குகிற மனுஷன். அவர் அப்படிச் சொம்பைத் தூக்கிக் குடிப்பதைப் பார்க்கும்போது எனக்கு அடுப்படியில் நிற்கவே பிடிக்கவில்லை எழிலு.

இது எப்படி வந்தது என்று முதலிலிருந்து சொன்னால்தான் உனக்கு விளங்கும். போன பங்குனிக்கு முந்தின ஆடியில் தெற்கு வயல் போர்க் கிணற்றில் மோட்டார் நின்றுபோனது. ஆள் கூட்டிவந்து தூக்கியிருக்கலாம், நம்ம வீட்டு மகாராஜாவுக்குப் பொறுமை ஏது, அவரும் ரெங்கராஜ் சித்தப்பாவும் குழாயோடு சேர்த்துக் கயிற்றைக் கட்டி இழுத்தார்கள். அன்றைக்குத்தான் முதல் வலி. சுளுக்கு என்றார், எண்ணெய் போட்டு நீவினோம், பத்துப் போட்டோம், மெடிக்கலில் மாத்திரை வாங்கினோம், நீ கொடுத்தனுப்பிய நீலக் கலர் ஸ்ப்ரேயை அடித்து வீடே ஆஸ்பத்திரி மாதிரி நாறியது. உன்னிடமும் அப்போது லேசான தோள்வலி என்று சொன்னோம், ஞாபகம் இருக்கும். வலது பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, தலை சீவ முடியவில்லை, பரணில் இருக்கிற கடப்பாரையை எடுக்க முடியவில்லை. அந்தச் சமயம் பார்த்து நம்ம கீழ்வீட்டு முனியாயிக்கும் தோள் பிடித்துக்கொண்டது. அவளுக்குச் சர்க்கரை உண்டு, சர்க்கரை உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போகுமாம். கீரனூரில் எக்சர்சைஸ் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்குப் போய்ச் சுவரில் விரலால் ஏறி இறங்கிப் பழகி, நாளாவட்டத்தில் அவள் தானாகக் கொண்டை போடுகிற அளவுக்கு வந்துவிட்டாள், ஒரு கத்தி படவில்லை. அதைப் பார்த்ததிலிருந்து அப்பாவுக்கு ஒரே பேச்சு, "முனியாயிக்கே வந்துருச்சு, எனக்கு வராதா" என்று. அவரும் கார்த்திகையிலிருந்து அதே இடத்துக்குப் போனார், அதே சுவரில் விரலை ஏற்றினார். அவளுக்கு ஏறியது, இவருக்கு ஏறவில்லை.

மாசியில்தான் வம்பு பண்ணித் திருச்சிக்குக் கூட்டிப்போனேன். தோளுக்கென்றே பார்க்கிற டாக்டர், உன் வயசுதான் இருக்கும், பொறுமையான பிள்ளை. அப்பா முனியாயி கதையை ஆரம்பித்ததும் அவர் சிரிக்கவில்லை. அப்பா கையைத் தானே பிடித்து மெதுவாகத் தூக்கினார், கை காதுவரைக்கும் ஏறியது, விட்டார், பொத்தென்று விழுந்தது. அந்தம்மா கையை வேறு ஒருத்தர் தூக்கினாலும் ஏறியிருக்காது, உங்க கை அடுத்தவர் தூக்கினால் ஏறுகிறது, தானாக நிற்கத்தான் மாட்டேன் என்கிறது, அதனால் அது வேறே, இது வேறே என்று சொன்னார். பிறகு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, "அம்மா, தோள்வலின்னு வர்ற எல்லாருக்கும் நான் ஆபரேஷன் சொல்றதில்ல. முக்கால்வாசிப் பேருக்கு ஓய்வும் மாத்திரையும் எக்சர்சைஸுமே போதும். ஆனா ஐயாவுக்கு மாசக்கணக்கா எக்சர்சைஸ் பண்ணியும் வலி போகல, தூக்கம் போச்சு, கையில பலம் குறைஞ்சுக்கிட்டே வருது, ஸ்கேன்லயும் தசைநார் கிழிஞ்சிருக்கு. இதுக்கு மேல காத்திருந்தா நல்லதில்ல" என்றார். பெரிதாக அறுப்பதில்லையாம், தோளைச் சுற்றிச் சின்னச் சின்ன ஓட்டை போட்டு ஒரு ஓட்டையில் கேமராவை விட்டு டிவியில் பார்த்துக்கொண்டே கிழிந்ததை எலும்போடு சேர்த்துத் தைப்பார்களாம்.

டாக்டர் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த மாதிரி புரிந்துகொண்டேன். பாவாடை நாடா ஒரு பக்கம் அறுந்துவிட்டால், நுனி வெளியே தெரியும்போதே ஊக்கைக் குத்தி இழுத்துக் கொண்டுவந்துவிடலாம். அசட்டையாக அப்படியே கட்டிக்கொண்டு திரிந்தால் நுனி மடிப்புக்குள்ளே போய்விடும், பிறகு எவ்வளவு துழாவினாலும் அகப்படாது. அப்பாவுக்கு அப்போது நுனி வெளியே தெரிந்தது. நான் தெளிவாகப் பார்த்தேன், டாக்டரும் பார்த்தார், தேதியும் கொடுத்தார். அந்தத் தேதி பங்குனியில் விழுந்தது, அதுதான் நம்ம தலையெழுத்து.

பங்குனியில் நம்ம ஊரில் காப்புக் கட்டிவிட்டால் என்ன கட்டுப்பாடு என்று உனக்குத் தெரியும். வெளியூரில் ராத்தங்கக் கூடாது, உடம்பில் கத்தி படக் கூடாது. அம்மனைத் தோளில் தூக்கிவருகிற சப்பரத்தின் முன்தண்டு, வலப்பக்கம், நம்ம வகையறாவில் மூத்த வீட்டுக்கு உரியது, உங்க தாத்தாவுக்குப் பிறகு அப்பா. அதனால் திருவிழா முடிந்து வருகிறோம் என்றார். டாக்டர் யோசித்துவிட்டு, கொஞ்ச நாள் தள்ளிப்போவதால் பரவாயில்லை, ஆனால் அந்தத் தோளில் ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்றார். தண்டு தூக்குகிற விஷயத்தை நான் சொல்ல வாயெடுத்தேன், மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தார் உங்கப்பா. வலி தாங்கவேண்டுமே என்று தோளில் ஓர் ஊசி போட்டுவிட்டார்கள். "இது வலியத்தான் அமத்தும், கிழிசல ஒட்டாது, வலி இல்லைன்னு வேலை செஞ்சிராதீங்க" என்று அந்தப் பிள்ளை வாசல்வரைக்கும் வந்து சொன்னது என் காதிலேயே இருக்கிறது.

ஊசி போட்டுச் சில நாளிலேயே வலி விட்டுவிட்டது. அப்பா தன் கையாலேயே தலை சீவிக்கொண்டார், கண்ணாடிக்கு முன்னால் மாப்பிள்ளை மாதிரி நின்றார். நான் ஊசி என்றேன், அவர் ஆத்தா என்றார். ஊசி போட்டவர் திருச்சியில் இருக்க, கற்பூரம் இங்கே எரிந்தது. காப்புக் கட்டிய அன்றைக்குக் கோயில் வாசலில் நின்று, "டாக்டரு அறுக்கணும்னாரு, ஆத்தா பாத்துக்கிட்டா, பாருங்க" என்று கையைத் தூக்கிக் காட்டினார். ஊர் முழுக்கக் குலவை போட்டது. குலவைச் சத்தத்தில் என் பேச்சு யாருக்குக் கேட்கும்.

சப்பரம் கண்மாய்க்கரையில் ஏறுகிற அந்த ஏற்றத்தில்தான் நடந்தது. அப்பாவுக்குப் பின்னால் அதே தண்டில் வந்தவனுக்குக் கால் வழுக்கி, பாரம் முழுக்க அப்பாவின் வலது தோளில் இறங்கியது. உள்ளே ஈரத்துணியை உதறின மாதிரி ஒரு சத்தம் கேட்டதாம், அதை ரொம்ப நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அம்மனை வழியில் கீழே வைக்கக் கூடாதுதான். ஆனால் சுற்றிலும் அத்தனை ஆம்பிளைகள், தோள் மாற்ற ஒருத்தனைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. கோயில் வாசல்வரைக்கும் அப்படியே கொண்டுவந்து இறக்கிவிட்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து மாட்டுக்கொட்டகையில் சுருண்டு படுத்துக்கொண்டார். மறுநாளே திருச்சிக்குப் போவோம் என்று நான் கெஞ்சினேன், கத்தினேன், சோறு ஆக்காமல்கூட இருந்து பார்த்தேன். அவர் சொன்ன காரணத்தைக் கேட்டால் சிரிப்பாயோ அழுவாயோ தெரியவில்லை. ஆத்தா குணமாக்கிவிட்டாள் என்று ஊர் முன்னால் சொல்லியாகிவிட்டதாம், இப்போது கை போய்விட்டது என்று ஆஸ்பத்திரிக்குப் போய் நின்றால் அவள் பேருக்குக் குறை வந்துவிடுமாம். சாமி பேரைக் காப்பாற்ற இவர் கையை ஒளித்துவைத்தார். துண்டை அந்தத் தோளில் போட்டுக்கொண்டு, கையை இடுப்பில் சொருகிக்கொண்டு, வைகாசி போனது, ஆடி போனது, ஐப்பசி போனது. நான் யாரிடம் போய்ச் சொல்வேன், உன்னிடம் சொல்ல மாட்டேன் என்று உன்மேல் சத்தியம் வேறு வாங்கி வைத்திருந்தார். இந்தக் கடுதாசியால் அந்தச் சத்தியம் போகிறது, அம்மன் என்னைத்தான் கேட்கட்டும், உன்னைக் கேட்க வேண்டாம்.

கார்த்திகையில் சட்டையைக் கழற்றி முதுகு தேய்த்துவிடும்போதுதான் பார்த்தேன், வலது தோளுக்குப் பின்னால் சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. இடது பக்கம் உன் அப்பா, வலது பக்கம் யாரோ கிழவர். அன்றைக்கு நான் போட்ட கூச்சலில் எழுந்து பஸ் ஏறிவிட்டார். டாக்டர் பழைய ஸ்கேனையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார், மறுபடியும் மறுபடியும் பார்த்தார். திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது. கிழிசல் பெரிதாகி நார் உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டதாம், சதை கொழுப்பாக மாற ஆரம்பித்துவிட்டதாம். இப்போதும் அதே கேமரா ஆபரேஷன் செய்து பார்க்கலாம், நார் இழுத்தால் வருமா என்று உள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும், முழுக்கத் தைக்க முடியும் என்று சொல்ல மாட்டேன் என்றார். வந்த அளவுக்குத் தைத்தால் வலி குறையும், கை வாய்க்குப் போகும், தலைக்கு மேலே போகாது. ஆறு வாரம் கையைத் தொட்டில் கட்டித் தொங்கவிட வேண்டும், அதற்குப் பிறகு மாசக்கணக்கில் எக்சர்சைஸ், இனிமேல் தோளில் பாரமே ஆகாது. தையைத் தாண்டவிட்டால் இதுவும் கைவிட்டுப் போய்விடலாம், தைப்பதற்கு உள்ளே ஏதாவது மிஞ்சியிருக்க வேண்டுமே அம்மா என்றார். வெளியே உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் மணப்பாறைக்காரர் ஒருவர், அப்பா வயசுதான், சொன்ன நேரத்தில் வந்து செய்துகொண்டவராம், மின்விசிறி சுவிட்சைக் கையை உயர்த்திப் போட்டார். எனக்கு அவர்மேல் அவ்வளவு ஆத்திரம் வந்தது, அவர் என்ன செய்தார் பாவம்.

அப்பா முடியாது என்று சொல்லிவிட்டார். பணத்தைப் பற்றி நீ யோசிக்காதே, பிரச்சினை அது இல்லை. தையில் கையைத் தொட்டிலில் கட்டினால் பங்குனியில் தண்டைத் தொட முடியாது. ஒரு வருஷம் நம்ம வீட்டுத் தோள் இல்லாமல் சப்பரம் கிளம்பினால், முன்தண்டு ரெங்கராஜ் சித்தப்பா வீட்டுக்குப் போய்விடும், போனது திரும்பாது என்பது அவர் பயம். சித்தப்பாவைக் குறை சொல்லாதே, அவர் நல்ல மனுஷன். அவரே வீட்டுக்கு வந்து, "அண்ணே, கையப் பாருங்கண்ணே, தண்ட ஒங்க பேரச் சொல்லி நான் புடிக்கிறேன், தம்பி வந்தா குடுத்துர்றேன்" என்று அழாத குறையாகச் சொன்னார். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டு மாட்டைப் பிடித்துக்கட்டப் போய்விட்டார்.

போன வாரம் நடந்ததைச் சொல்லாமல் இந்தக் கடுதாசியை மடிக்க முடியாது. மத்தியானம் உளுந்து காயப்போட்ட பாயைச் சுருட்டிக்கொண்டு கொட்டகைப் பக்கம் போனேன். உங்கப்பா அங்கே ஒரு சவுக்குக் கட்டையை வலது தோளில் ஏற்றிப் பழகிக்கொண்டிருந்தார். வலது கை அதைப் பிடிக்காது, அதனால் இடது கையைக் குறுக்கே கொண்டுவந்து பிடித்துக்கொண்டு, ஓர் எட்டு, இன்னோர் எட்டு. கட்டை சரிந்து விழுந்தது. மறுபடியும் குனிந்து எடுத்தார், மறுபடியும் விழுந்தது. அப்புறம் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டு அந்தக் கையை இடது கையால் அடித்தார் எழிலு, வேலைக்கு வராத மாட்டை அடிக்கிற மாதிரி அடித்தார். நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அழுதார். உங்க தாத்தா செத்தபோதுகூட நான் அதைப் பார்த்ததில்லை. "எழிலு வந்து நம்ம தண்டு எங்கேப்பான்னு கேட்டா நான் என்னத்தடி சொல்றது" என்றார். முந்தானையால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அவர் தண்டைத் தனக்காகப் பிடிக்கவில்லை, உனக்காகப் பிடித்து வைத்திருக்கிறார். இதைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும் என்று இத்தனை பக்கம் சுற்றிவந்திருக்கிறேன். ஒவ்வொரு பங்குனிக்கும் அவர் உன்னிடம், அடுத்த வருஷம் வந்துருவியா தம்பி என்று கேட்பார், நீ ஒவ்வொரு தடவையும் பார்க்கலாம்ப்பா என்று சொல்லுவாய். நீ அவர் மனசு நோகக் கூடாது என்றுதான் சொல்கிறாய், எனக்குத் தெரியும். அந்த ஒரு பார்க்கலாமை வைத்துக்கொண்டு அவர் அடுத்த பங்குனிவரைக்கும் ஓட்டிவிடுவார். ஆவணியில் மருமகள் பேசும்போது, நீங்கள் அங்கே வீடு வாங்கிவிட்டதையும் அந்த நாட்டுக் குடியுரிமைக்கு எழுதிக் கொடுத்துவிட்டதையும் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். அவளைக் கோபிக்காதே, எனக்குத் தெரியும் என்று நினைத்துச் சொன்னாள், நானும் தெரிந்த மாதிரியே கேட்டுக்கொண்டேன். அன்றைக்கு அப்பா வயலில் இருந்தார். நீ என்னிடம் சொல்லவில்லையே என்று எனக்கு வருத்தம் இல்லை என்று எழுதினால் அது பொய். வருத்தம்தான். ஆனால் அதை வைத்து அழ இப்போது எனக்கு நேரம் இல்லை.

நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். இதைப் படித்ததும் அப்பாவுக்குப் போன் பண்ணு. ஆபரேஷன் பண்ணிக்கொள்ளுங்கள் என்று சொல்லாதே, கேட்க மாட்டார், நான் சொல்லிக்கொடுத்தேன் என்று கண்டுபிடித்துவிடுவார். தண்டு எனக்கு வேண்டாம் என்று சொல். நான் இனிமேல் ஊரோடு வந்து இருக்கப்போவதில்லை, என் மகளும் வரமாட்டாள், சித்தப்பாவிடம் கொடுத்துவிடுங்கள் என்று சொல். இடையில் ஒரு பார்க்கலாம் வந்துவிடக் கூடாது, அவர் அதைப் பிடித்துக்கொள்வார். இனி வரமாட்டேன் என்று சொல்லு என்று பெற்ற பிள்ளையிடமே கேட்கிற தாய் இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவர் உடைந்துபோவார். உடைந்த மனுஷனை நான் தையிலேயே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்விடுவேன், அந்த டாக்டர் கையில் அந்த நுனி அகப்படுகிறதோ இல்லையோ, அகப்பட்டால் நாளைக்கு ஒரு பந்தியில் உட்கார்ந்து தன் கையால் ஒரு வாய் சோறு தின்பார், அவ்வளவுதான் நான் எதிர்பார்க்கிறேன். அதுவும் நடக்குமா என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாமலேயே கேட்கிறேன்.

பேத்திக்குக் காதுகுத்து இங்கே வந்துதான் என்று அப்பா சொல்லிக்கொண்டிருந்தார், அதை நீங்கள் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள், தோடு இளமதியிடம் கொடுத்திருக்கிறேன். பனியில் தலையில் குல்லா இல்லாமல் போகாதே, உனக்குச் சின்னதிலிருந்தே காதடைப்பு வரும். கம்ப்யூட்டரில் குனிந்தே கிடக்காதே, தோள் வலித்தால் சுளுக்கு என்று ஸ்ப்ரே அடித்துக்கொண்டு மாசக்கணக்கில் இருந்துவிடாதே, உடனே காட்டு, நீயாவது சொன்ன பேச்சைக் கேள். நீங்கள் மூன்று பேரும் குறைவில்லாமல் தழைத்து, கை நிறைய உண்டு, நல்ல தூக்கம் தூங்கி வாழ வேண்டும், இந்த அம்மாவின் ஆசீர்வாதம் கடலைத் தாண்டி வரும்.

முக்கியமாக ஒன்று. அப்பாவிடம் அதைச் சொல்லும்போது வீடியோவில் கூப்பிடாதே, வெறும் போனில் சொல். அவர் முகத்தை நீ பார்க்க வேண்டாம் ராசா, நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
சின்னப்பிள்ளை ஆண்டிச்சாமி